ஆயுதபூஜைப் பச்சை

நிற விஷயத்தில் எனக்கு அந்த நாளில் தலைக்கனம் அதிகம். கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி, லாரிக்கு பாடி கட்டும் ஷெட் ஒன்றில் பெயிண்டராக இருந்தேன். எங்கேயோ இடிபட்டு வரும் லாரிக்குக் கதவை மட்டும் மாற்றி, பழைய பெயிண்டும் புதுப் பெயிண்டும் சேரும் இடம் தெரியாமல் அடித்துக் கொடுப்பேன். டிரைவர்களே தடவிப் பார்த்து எந்தக் கதவு புதுசு என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைப்பேன். அவ்வளவு திமிர்.

வேலை போக மீதி நேரத்தில் ரயில் இஞ்சின் செய்வேன். யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். தகட்டை வெட்டி உருட்டினால் பாய்லர். தையற்காரரிடம் கேட்டு வாங்கிய காலி நூல்கட்டைகள் சக்கரம். சைக்கிள் ஸ்போக்கை வளைத்தால் சக்கரங்களைக் கோக்கும் கம்பி. முழங்கை நீளத்துக்கு ஒன்று செய்ய மூன்று மாதம் ஆகும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் கறுப்பு டப்பாவைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரே பூச்சாகப் பூசிவிடுவேன். கரி தின்னும் வண்டி வேறு என்ன நிறத்தில் இருக்கும்? நிறத்தைப் பார்த்தே சோறு தின்கிறவன் இப்படி யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. தங்கையின் கல்யாணத்தை நான்தான் நின்று நடத்தினேன். மாப்பிள்ளை மெட்ராஸில் ரயில்வே ஃபயர்மேன், எக்ஸ்பிரஸ் இஞ்சினில் கரி தள்ளுகிறவர். ஜாதகம் பொருந்தியதைவிட எனக்கு அதில்தான் சந்தோஷம். நான்கு மாதம் உட்கார்ந்து அவருக்கென்றே ஒரு இஞ்சின் செய்து, கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்க்க அவர் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை விரலால் உருட்டினார். மலர்ந்துகொண்டே வந்த முகம் பாதியில் நின்றது.

“எல்லாம் கரீட்டா கீது மச்சான். ஆனா எங்க வண்டி கறுப்பு இல்ல. பச்ச.”

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “இன்னா மாப்ள, புகையிலயே குளிக்கிற வண்டி பச்சையா? கல்யாண மயக்கத்துல கண்ணுக்குப் பச்ச பச்சயா தெரியுதோ?” என்றேன்.

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார்.

“என் இஞ்சினு இன்னா கலருன்னு தெரிஞ்சிக்கினு வந்து கூப்புடு மச்சான். அப்பதான் உன் ஊட்டுக்கு வருவேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவீட்டு விருந்துக்கு வரவில்லை. ஆடிக்கு அழைத்தோம், டூட்டி என்று பதில் வந்தது. அவர் வராமல் தங்கை மட்டும் எப்படித் தனியாக வருவாள்? அவளும் வரவில்லை. மாசம் ஒரு கார்டு எழுதுவாள். அதில் ஒரு கார்டில் விசாரித்துச் சொல்லியிருந்தாள்: அவர்கள் ஷெட்டில் எக்ஸ்பிரஸ் இஞ்சின்களுக்குப் பக்கத்துத் தகடுகளிலும், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரிலும் பச்சைதான் அடிப்பார்களாம். அவர் சொன்னது நிஜம். நான் செய்தது வெறும் வாய்க்கொழுப்பு.

புரட்டாசி பிறந்ததும் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுவாள். “தல தீபாவளிக்கும் மாப்ள வரலன்னா நான் தெருவுல நடக்க முடியாது. உன் வாயால கோச்சிக்கினு பூட்ட ஆளு, நீயே போயி இட்டுக்கினு வா நைனா.” எனக்கும் தங்கை இல்லாத வீடு பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் எவ்வளவு நாள் இருப்பது?

ஏற்கெனவே பாதி செய்து வைத்திருந்த இன்னொரு இஞ்சினைக் கையில் எடுத்தேன். செய்வது பெரிதில்லை, பச்சை வேண்டுமே. மாப்பிள்ளையின் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது, தடதடவென்று ஓடிவிடும். பெயிண்ட் டப்பா மூடிகளில் ஏழு விதப் பச்சையைப் பூசிக் காயவைத்து எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் நுனியில் போய் நின்றேன். வண்டி வந்தது. ஒரு மூடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். புழுதியும் கரியும் கண்ணை நிறைத்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். “யோவ், இன்னா பண்ற? டிரைவரு நீ பச்சக் கொடி காட்றன்னு நெனச்சிக்கினு போனா நான்யா பதில் சொல்லணும்!” விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஆயுதபூஜை அன்றைக்கு இஞ்சின் ஷெட்டில் குடும்பத்தாரையெல்லாம் உள்ளே விடுவார்களாம். பூஜை போட்டு நிறுத்தியிருக்கும் வண்டி ஓடாது, ஆற அமரப் பார்க்கலாம் என்றார்.

தங்கை எழுதி அனுப்பிய இஞ்சின் நம்பரோடு போனேன். மாப்பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று, அவர் பூஜை முடிந்து சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து நுழைந்தேன். வரிசையாக வண்டிகள். வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை, நெற்றிக்கு இட்ட மாதிரி முன்னால் சந்தனமும் குங்குமமும். தரையெல்லாம் உடைத்த பூசணியும் பொரியும். அவருடைய இஞ்சின் முன்னால் போய் நின்றேன். அப்படி ஒரு பச்சை! கறுத்து, ஆழ்ந்து, மழை நின்றதும் பார்க்கிற வாழை இலை மாதிரி. தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

பையில் சின்ன டப்பாக்கள் வைத்திருந்தேன். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையை எடுத்து, குச்சி நுனியால் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூடியில் தடவி, தகட்டின் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். மூடியின் விளிம்பு தெரிந்தால் நிறம் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்பதாவது மூடியில் விளிம்பு மறைந்தது. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. பொரி விற்றுக்கொண்டிருந்தவரிடம் காரணமே சொல்லாமல் இரண்டு படி வாங்கினேன்.

அந்தப் பச்சையை மூன்று பூச்சு அடித்து, மேலே வார்னிஷ் இரண்டு கை கொடுத்தேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, தங்கைக்குப் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு அவர்களுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். இஞ்சினைத் துண்டில் சுற்றி இடுப்பில் குழந்தை மாதிரி வைத்திருந்தேன்.

பகல் பதினோரு மணி. மாப்பிள்ளை இருந்தார். “வா மச்சான்” என்றார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் கொடுத்த பழைய கறுப்பு இஞ்சின் அலமாரியில் தூசி இல்லாமல் நின்றது. தங்கை கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். துண்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார்.

“கலரு தப்பு மச்சான்” என்றார்.

அம்மாவின் முகம் கண்முன் வந்தது.

“எங்க வண்டி இதவிட வெளுப்பு, கொஞ்சம் மஞ்சளடிக்கும். எப்ப பாத்த?”

“ஆயுதபூஜைக்கு.”

“தொடச்சிப் பாத்தியா?”

லாரிக் கதவென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அதற்கப்புறம்தான் நிறம் பார்ப்பேன். அது தொழிலில் முதல் பாடம். ஆனால் மாலையும் குங்குமமுமாகச் சாமியாக நிற்கிற வண்டியைத் துணி போட்டுத் துடைக்க யாருக்குக் கை வரும்? இல்லை என்று தலையாட்டினேன்.

“அது பெயிண்டு இல்ல. எண்ண.” இஞ்சினின் பக்கத்தைக் கட்டை விரலால் தடவினார். “அன்னிக்கு விடிகாலைல கிளீனர் பசங்கள கிட்டவே உடல. நானே மண்ணெண்ண போட்டுத் தொடச்சி, மேல இஞ்சின் எண்ண உட்டு, தோளு பூட்ற மாதிரி தேச்சேன். மறுநாளு ஒரு ட்ரிப்பு போயி வந்தா கரி ஏறி எல்லாம் பூட்ச்சி. அந்த பளபளப்ப ஒருத்தனும் கண்டுக்கல. பூஜைக்கு வந்தவனுங்க சுண்டல்தான் பாத்தானுங்க.” இஞ்சினை மறுபடி சாய்த்துப் பார்த்தார். “நீ பாத்துக்கீற. என் வேலைய அப்படியே புட்ச்சி வெச்சிக்கீற.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். தங்கை மட்டும்தான் அங்கே நிதானமாக இருந்தாள்.

“கலரு தப்பா, கரீட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அண்ணன் திரும்பிப் போயி அம்மா கிட்ட சொல்லணும்ல.”

மாப்பிள்ளை இஞ்சினை அலமாரியில் கறுப்பு இஞ்சினுக்கு முன்னால் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அத்த அதிரசம் சுடுவாங்களா, முறுக்கோட நிறுத்திக்குவாங்களா?”

அந்தத் தீபாவளிக்கு அம்மா அதிரசம் சுட்ட அளவுக்குக் கும்மிடிப்பூண்டியில் யாரும் சுட்டிருக்க மாட்டார்கள். விடியற்காலையில் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, கை நிறைய நல்லெண்ணெயை அள்ளி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். ஆறு மாதத்து வருத்தமும் அந்தத் தேய்ப்பில் தெரிந்தது. எண்ணெய் காதோரம் வழிந்தது. நெற்றி, கன்னம், தோள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தன. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“இப்பதான் மாப்ளயோட அசல் கலரு தெரியுது” என்றேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. தங்கை என்னை முறைத்தாள். செத்தேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை எண்ணெய் வழியும் முகத்தைத் தூக்கி, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். “தொடச்சிட்டுப் பாரு மச்சான்” என்று சொல்லிவிட்டு, மணை ஆட ஆடச் சிரித்தார்.