முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு

குற்றாலச் சாரலில் துருப்பிடித்த பழைய மோட்டார் காரை வாங்கி, தென்காசியில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே என் கணவர் செப்பனிட்டார். ஓட்டை விழுந்த கதவில் அவர் வெளியே தகரம் வைத்து ஆணி அறைய, நான் காருக்குள் உட்கார்ந்து அம்மிக்குழவியால் முட்டுக்கொடுத்தேன். வீட்டுக்குள் கைக்குழந்தை வீறிட்டது.

"பிள்ள அழுவுதுல்லா..."

"கைய எடுத்திராத. தகரம் கோணிரும்."

நான் எடுக்கவில்லை. திடீரென்று அழுகை நின்றது. பதறிக் குழவியைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன். ஆணி கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அது திறக்கவில்லை. அலறினேன்.

எனக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு மாமியார் நின்றார்.

"ஏட்டி, இந்தக் கதவு நல்லாத்தான இருக்கு! இப்படி இறங்கி வந்தா என்ன?"

அவ்வளவு நேரமும் அது பூட்டாமல்தான் இருந்திருக்கிறது. கணவர் சொல்லாமல் திரும்பிப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. இன்றும் அந்தக் காரில் ஏறியதும் முதலில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.