லஸ்தேனியாவின் ஏழு வரி

லோஹா நகரத்து நாடகக் குழுவில் லஸ்தேனியாவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேஷம்தான். தட்டோடு வந்து தட்டோடு போகும் வேலைக்காரி. பகலெல்லாம் ஆஸ்பத்திரித் துணி துவைத்துவிட்டு, சாயங்காலம் எங்கள் உடைகளுக்கும் இஸ்திரி போடுவாள். "எப்பதான் மேடையில வாயைத் திறப்பீங்க அக்கா?" என்று சீண்டினால், "திறந்தா உங்க பொழப்பு நாறிடும்" என்பாள்.

இந்த முறை பேச விட்டார்கள். மேயரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் விதவை வேஷம், மொத்தம் ஏழு வரி. ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகன் வில்மான் லீவில் வந்திருந்தான். சமையலறையில் அவனிடமே பத்துத் தடவை ஒப்பித்திருக்கிறாள். மேடையில் அவன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

நான் செர்வியோ. மேடைக்கு முன்னால் பெட்டிக்குள் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவன். மாதம் ஒரு புது நாடகம் போட்டால் எவன் மனப்பாடம் செய்வான்? நான் முணுமுணுப்பதைத்தான் அவர்கள் உரக்கச் சொல்வார்கள். நாடகத்தன்று விடியற்காலையிலிருந்து பேக்கரியில் மாவு பிசைந்த அலுப்பு. கொட்டாவி விட்டபடி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன், பாவி! மேயரும் நான் சொன்னதைச் சொல்லி நேரே மகள் கல்யாணக் காட்சிக்குப் போய்விட்டார். விதவை வரும் காட்சியே போச்சு. ஓரத்தில் கறுப்புச் சால்வையோடு லஸ்தேனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக வழியில்லை. ஜனங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திரை விழுந்ததும் பின்னால் ஓடினேன்.

"அக்கா, என்னைச் செருப்பால அடிங்க."

"அதுக்கும் தெம்பு வேணுமேப்பா" என்று உட்கார்ந்துவிட்டாள். "புள்ளை கேட்டா என்ன சொல்லுவேன்?"

"தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்."

சொல்ல வாயெடுப்பதற்குள் வில்மான் பூங்கொத்தோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டான். "அம்மா! அந்த மேயரை என்ன வாங்கு வாங்கிட்டே! என் பக்கத்துல இருந்தவங்க அழுதே போயிட்டாங்க!"

அவள் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"சாப்பிட்டியாடா?"

"கூட்டாளிங்களோட ஆச்சும்மா. இரு, டாக்ஸி கூட்டிட்டு வரேன்."

அவன் போனதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏன்டா அழுவுற? நான் பேசியிருந்தா, அவன் கேட்டான்னே நம்பிட்டு இருந்திருப்பேன்."