அதைக் கொல்லு, அம்மா

வியட்நாமில், பென் தான் என்கிற சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில், கருவறைக்குப் பின்புறக் கல்சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆடி மூன்றாம் வெள்ளி. இந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சுவரில் முகம் பதித்து, வேண்டியதை அம்மனிடம் கிசுகிசுப்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புருஷனுக்கும் பிள்ளைக்கும் நல்லது கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நல்லது எதுவும் கேட்கவில்லை. "என் உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதைக் கொல்லு. துடிக்கத் துடிக்கக் கொல்லு. நான் பாக்கணும்" என்றேன். சத்தமாகவே. தமிழ் யாருக்கும் புரியாது என்கிற தைரியம்.

எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் காரைக்கால். இங்கே டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. இடது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். அங்கே மச்சம் இருந்தால் வெளிநாட்டு யோகம் என்று நம் வீடுகளில் சொல்வோமே! இந்த வேலை கிடைத்ததும் அம்மா போனில், "நான் சொல்லல? மச்சம் பேசுதுடி!" என்றாள். அது பெரிதானபோது யோகமும் பெரிதாகிறது என்று சிரித்தோம். ரத்தம் கசிந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். தோல் புற்றுநோய். வேகமாகப் பரவுகிற வகை. வெட்டி எடுத்தார்கள். நாலே மாதத்தில் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

கீமோ கொடுத்தார்கள். முடி போனது. கட்டி வளர்ந்தது. மருந்தை மாற்றினார்கள். வாயெல்லாம் புண். கட்டி இன்னும் வளர்ந்தது. நான் இளைக்க இளைக்க, அது என் சோற்றைத் தின்று கொழுத்தது. அழுது அழுது ஓய்ந்து, ஆத்திரம் வந்தது அப்போதுதான்.

"எப்படிம்மா தப்பிக்குது? காட்டு!" என்று சுவரில் கேட்ட நொடியில் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒரு பெட்டி திரும்பத் திரும்பத் தவறான ஊருக்குப் போனால், நாங்கள் விமானத்தை மாற்றிக்கொண்டே இருக்கமாட்டோம். பெட்டியைத் திறந்து பார்ப்போம். என் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

வாசலில் பைக்கோடு நின்ற என் கணவர் செந்திலிடம், இதை டாக்டரிடம் கேட்கப்போவதாகச் சொன்னேன்.

"நீ என்ன டாக்டரா?"

"இல்லங்க, கார்கோ."

"டாக்டரம்மா கோச்சுக்கப் போறாங்க."

"கோச்சுக்கட்டும். சாகப் போறது நான்தானே?"

அவர் ஹெல்மெட்டை நீட்டினார்.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டியை வளர்க்கிற மரபணுக் கோளாறு எது என்று தெரிந்தால், சிலவற்றுக்கு அதற்கென்றே மாத்திரை இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அமையாது என்றார். ஊசியால் துண்டு எடுத்து அனுப்பினார். மூன்று வாரம் காத்திருந்தோம். மூன்று வெள்ளியும் சுவரில் அதே சாபம். பக்கத்தில் நின்ற வியட்நாம் அக்கா ஒருத்தி அவள் பாஷையில், "யார் மேல இவ்வளவு கோபம்? புருஷன் மேலயா?" என்று கேட்டாள். தொடையைத் தொட்டுக்காட்டி, புற்று என்றேன். தன் ஊதுபத்திக் கட்டை என் கையில் திணித்தாள். "அப்ப இன்னும் சத்தமா திட்டு!"

முடிவு வந்தது. கோளாறும் தெரிந்தது, அதற்கு மாத்திரையும் இருந்தது. இரண்டாம் மாத ஸ்கேனில் எலுமிச்சை சுண்டைக்காயாகியிருந்தது. திரையைப் பார்த்து, "வலிக்குதா?" என்று அதைக் கேட்டேன். செந்தில் பயந்தே போனார்.

அன்பர்களே, அம்மனிடம் சாந்தமாகத்தான் போகவேண்டுமென்று இல்லை. ஆத்திரத்தோடு போங்கள், தாங்கிக்கொள்வாள். அவள் கையில் சூலம் சும்மாவா இருக்கிறது? எனக்கு அவள் கொடுத்தது ஒரு கேள்வி. அதை டாக்டரிடம் கொண்டுபோனேன், உயிரோடு இருக்கிறேன். அவளை நம்பி நீங்களும் கேளுங்கள். உள்ளங்காலில் புதிதாகக் கறுப்பு தெரிந்தால் யோகம் என்று கொண்டாடாமல் உடனே காட்டுங்கள்.

இந்த மாத்திரையையும் அது ஒருநாள் ஏமாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை காத்திருக்க நான் தயாரில்லை. வரும் புதன்கிழமை மிச்சக் கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். அதிலும் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அடுத்து எந்த வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறதோ, அந்த வழியில் அதற்கு முன்னால் போய் நிற்கப்போகிறேன்.