புல்லுக்கு அடியில் நீச்சல்குளம்

அன்று காலை ஓடெல் புரூயிட்டுக்குக் காபிகூட இறங்கவில்லை. முப்பது வருடங்களாக அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். பருத்திக்காட்டில் களைவெட்டிய ஒரு கறுப்பினத்து அம்மா, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த மகள். கறுப்பர்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனவர்களையும் அடிபட்டவர்களையும் பற்றி அவள் பேசினால் வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. ஆனால் போன மாதம் பக்கத்து ஊரில் இதே பாடத்துக்காக ஒரு டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் மனம் நோகிறதாம்! கறுப்புப் பிள்ளைகளின் மனம் எத்தனை தலைமுறையாக நோகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்றைக்கு ஓடெல் நடத்த வேண்டியதும் அந்தப் பாடம்தான். அவளுக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"மிஸ் ஓடெல், பள்ளி நிர்வாகக் குழுவிலேர்ந்து வெண்டல் கிரிஸ்ப் இன்னைக்கு உங்க வகுப்புல வந்து உக்காரப் போறாரு," என்று தலைமையாசிரியர் காதோடு சொன்னார். "புஸ்தகத்துல இருக்கிறதோட நிறுத்திக்குங்க. வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

கிரிஸ்ப் கடைசி பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர், ஏறக்குறைய அவள் வயதுதான். அவள் புத்தகத்தைத் தாண்டாமல் நடத்தினாள். பாதியில் ஜனெசா கையைத் தூக்கினாள்.

"மிஸ் ஓடெல், பார்க்குல புல்லுக்கு நடுவுல ரெண்டு இரும்புக் கைப்பிடி நீட்டிக்கிட்டு இருக்கே, நாங்ககூட ஜாக்கெட் மாட்டுவோமே, அது என்னது?"

பெரியவர்கள் யாரும் அந்த ஊரில் வாய்விட்டுப் பேசாத விஷயம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். அவளால் முடியவில்லை.

"நீச்சல்குளத்து ஏணி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அங்க வெள்ளைக்காரங்க மட்டும்தான் குளிக்கலாம். கறுப்புப் பிள்ளைங்களையும் உள்ள விடணும்னு கோர்ட்டு சொல்லிச்சு. ஊர் வெள்ளைக்காரங்க லாரி லாரியா மண்ணைக் கொட்டிக் குளத்தையே மூடிட்டாங்க."

"லூசா அவங்க? அவங்க பிள்ளைங்களுக்கும்தானே குளம் போச்சு!" என்றான் ஒரு வெள்ளைப் பையன். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா மிஸ்?" என்று ஜனெசா கேட்டாள்.

"தெரியாது. எங்க அண்ணனுக்கும் தெரியாது. அந்தக் கோடையில வெக்கை தாங்காம ஆத்துல இறங்கினான். திரும்பி வரல."

சிரிப்பு நின்றுவிட்டது. மணி அடித்தும் பிள்ளைகள் மெதுவாகத்தான் எழுந்து போனார்கள்.

கிரிஸ்ப் அவள் மேசைக்கு வந்தார். போயிற்று வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"மண்ணு கொட்டின லாரி எங்க அப்பாவோடது."

"தெரியும், மிஸ்டர் கிரிஸ்ப்."

"அதை மட்டும் ஏன் பிள்ளைங்ககிட்ட சொல்லல?"

மிரட்டுகிறாரா, மன்றாடுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. புத்தகத்தை மூடிவைத்தாள்.

"அவங்க கேக்கல," என்றாள். "கேட்டா சொல்லுவேன்."