தண்ணி குடிச்ச நெல்லு

எங்கட வயல் ஏன் கருகிச்சு எண்டு கேக்கவா இந்த வெயிலுக்குள்ள வந்தாய்? உனக்கு வேற சோலி இல்லயாகா? வீட்டில உலை வைக்கல்லயா? அடுத்தவள்ட நட்டத்தக் கேக்கிறண்டா மட்டும் காது முயல் காது மாதிரி நிக்கிது. செரி, வந்தது வந்திட்டாய், குந்து. இடையில "ஐயோ பாவம்" எண்டு மட்டும் சொல்லிராத, ஒழுப்பி விட்டிருவன்.

மகளுக்குச் சீதனமாக் குடுத்த வயல் ஆத்துக்கு அங்கால, படுவான்கரை வயல்வட்டையில கிடக்கு. மருமகன் இருந்தமட்டும் அவர்தான் செய்தவர். அவர் காய்ச்சலில போன பொறகு மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இடுப்பு நாரி முறிஞ்சுதான் வந்து சேந்தாள். "அம்மா, இனி மண்ணத் திண்டாலும் இஞ்சதான்" எண்டாள். "அதையும் நான்தானே ஆக்கிப் போடணும்" எண்டன். சிரிச்சாள்.

இந்த முறை வயல அவளே செய்யிறண்டு நிண்டாள். அவளக் குவைத்துக்கு அனுப்பின ஏஜென்சிக்காரர் விட்டாத்தானே? ஓயாம போன். "அக்கா, நல்ல வீடொண்டு வந்திரிக்கு. பாஸ்போட்ட எடுத்து வைங்க, ஐப்பசி முடிய வாறன்." இவளும் வாய விட்டிட்டாள்: "வாங்க தம்பி. வயல் பச்சையா நிண்டா நான் போகமாட்டன். நிக்காட்டிப் பாஸ்போட்டக் கொண்டு போங்க."

எங்கட ஆக்கள் மாரிக்கு எப்பிடி விதைக்கிறது? காஞ்ச மண்ண உழுது, காஞ்ச நெல்லப் புழுதிக்குள்ள எறிஞ்சிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருப்பம். மழை வந்தா முளைக்கும். வராட்டி, சோம்பேறிப் புருசன் மாதிரிக் கண்ண மூடிக்கிட்டுக் கிடக்கும். கொஞ்சத்தப் புறாவும் எறும்பும் திண்டிரும், மிச்சம் கிடக்கும். அதுக்கு ஒண்டும் ஆகாது.

இவளுக்கு அந்தப் பொறுமை இல்ல. ஏஜென்சிக்காரர் வாறதுக்குள்ள பச்சை காட்டணுமே. ஒரு பின்னேரம் இடி இடிச்சு ஒரு பாட்டம் மழை பெஞ்சிச்சு. மண் மணத்திச்சு. உடனே விதைநெல்லச் சாக்கோட ஊறப் போட்டு, மறுகா தூக்கி வடிய விட்டு, ஈரச் சாக்கால மூடி வைச்சாள். கைய உள்ளுக்கு விட்டு விட்டுச் சூடு பாக்கிறாள். "என்னடி, பேறு பாக்கிற மருத்துவிச்சி மாதிரி?" எண்டு கேட்டன். "பேசாம இரிங்கம்மா" எண்டாள். வெள்ளையா முளை எட்டிப் பாத்திச்சு. கடகப் பெட்டியில போட்டுத் தோணியில கொண்டு போய் எறிஞ்சாள்.

பக்கத்து வயல்காரர், "அவசரப்படாத புள்ள, மண்ணக் காய வைக்கிற கச்சான் காத்து இன்னும் அடங்கல்ல" எண்டார்.

"மாமா, எனக்கு நாளில்ல" எண்டு சொல்லிட்டாள்.

மறுகா மழை இல்ல. கச்சான்தான் வந்து மண்ணில கிடந்த ஈரத்த நக்கிக்கிட்டுப் போச்சு. நான் போய்க் குந்தியிருந்து விரலால கிளறிப் பாத்தன். முளை நகத்தளவுதான், தலை தூக்கல்ல. வேர் மட்டும் நூல் மாதிரி நீண்டு, வளைஞ்சு வளைஞ்சு கீழ போயிரிக்கு. தண்ணி தேடியிரிக்கு புள்ள. மேல வர வைச்சிருந்த பெலத்தையெல்லாம் கீழ போகவே குடுத்திட்டுது. நுனி கறுத்துக் கிடந்திச்சு. கையில எடுத்தா உடையிது.

ஆத்துத் தண்ணி கிட்டத்தான். மழை இல்லாத காலத்தில கடல் ஏறி அது உப்புக் கரிக்கும், நெல்லுக்கு ஊத்த ஏலா. வயல் மூலையில ஒரு பள்ளத்தில கொஞ்சம் மழைத்தண்ணி கிடந்திச்சு. சேறு வாறமட்டும் வாளியால அள்ளி ஊத்தினம். அந்த மூலையில பாய் விரிச்ச அளவுக்குப் பச்சை வந்திச்சு. மத்தியானத்தில இலை ஊசி மாதிரிச் சுருளும், பின்னேரம் விரியும். ஒரு நாள் பின்னேரமும் விரியல்ல.

"அம்மா, இந்த நெல்ல எடுத்துத் திரும்பக் காய வைச்சா?" எண்டு கேட்டாள். தெரியாமலா கேட்டாள்?

"குடிச்சிட்டுது மகள். காஞ்சு கிடந்தா எவ்வளவு நாளும் கிடந்திரிக்கும். குடிச்சு வாயத் திறந்திட்டா மூடத் தெரியாது அதுக்கு."

ஏஜென்சிக்காரர் மோட்டச்சைக்கிளில வந்தார். வயல் எப்பிடி எண்டு கேக்கவும் இல்ல. அவள் உள்ளுக்குப் போய்ப் பாஸ்போட்ட எடுத்து வந்து குடுத்தாள். நான் தேத்தண்ணி குடுத்தன், சீனி போடாம. மனிசன் அதையும் குடிச்சிட்டுத்தான் போனார்.

அவள் போய்ச் சேந்து கொஞ்ச நாளில மழை கொட்டிச்சு. அந்தப் பக்கத்து வயல் மாமாட புழுதி நெல்லு முழுக்க ஒழும்பி நிண்டிச்சு. நடுவுல எங்கட துண்டு சொறி புடிச்ச தலை மாதிரி. போனில கேட்டாள், "அங்க மழையாம்மா?"

"தூறுது" எண்டன். கூரைத் தகரத்தில விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிரிக்கும். வைச்சிட்டாள்.

மழை விட்ட பொறகு அக்கம்பக்கத்துப் பொம்புளையள் வேலியடியில கூடிட்டாளுகள். "விதைக்கத் தெரியாதவள், அவசரப்பட்டுக் கெடுத்துப்போட்டாள்" எண்டு ஒருத்தி. நான் வேலிக்கு மேலால தலைய நீட்டினன்.

"அவள் செரியாத்தான் விதைச்சவள்கா. கிழவி நான் போய்க் குந்தி, 'ஆ, என்ன வடிவான முளை' எண்டு சொல்லிட்டன். என்ட நாவூறு, கண்ணூறு பட்டுத்தான் கருகிச்சு. உங்கட வயலெல்லாம் இப்ப நல்ல பச்சையாம்? நாளைக்கு ஒருக்கா வந்து பாக்கட்டா?"