காத்து அக்கா எழுதாத வரி

மெல்லிய காகிதக் கைக்குட்டையில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, அதை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மேலிருந்து கீழே கொண்டுவருகிறார். ஓரிடத்தில் காகிதம் நடுங்குகிறது. "இங்கதான் ஒளிஞ்சிருக்கான் திருடன்" என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போகிறார். காகிதம் கையில் இல்லாவிட்டால் மணிக்கட்டின் உட்புறத்தை நாக்கால் ஈரப்படுத்திக் கதவிடுக்கில் நீட்டுவார். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கவென்று அலுவலகம் கொடுத்த கருவி காரின் பின்சீட்டில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. "அது பேட்டரி தின்னும். இது சும்மா வர்றது" என்று மணிக்கட்டைக் காட்டிச் சிரிக்கிறார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் இவர் காத்து அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஏணியைத் தானே தூக்குவார், கூரைக்கடியில் தானே தவழ்வார். கால்சட்டையின் முழங்கால்கள் எப்போதும் தூசி அப்பிச் சாம்பல் நிறமாகவே இருக்கும். பழைய வீடுகளில் குளிர் புகாமலும் சூடு வெளியேறாமலும் இருக்க அரசு மானியம் கொடுக்கிறது: கூரைக்கடியில் பஞ்சு விரிக்க, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட, ஈரச் சுவரைச் சரிசெய்ய. யாருக்குக் கொடுப்பது என்று வீடு வீடாகப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் இவர் வேலை. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். அறுபது வந்தால் மானியம். ஐம்பத்தொன்பது வந்தால் இன்னொரு போர்வை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தொழில் இவரை விடுமுறையிலும் விடுவதில்லை. "உன்ன எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் மானம் போகுது. எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு, நீ மட்டும் அவங்க கதவத் தடவிக்கிட்டு நிக்கிற" என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

ஒரு வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் பேசுவார். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். "தயவுசெஞ்சு எதையும் துடைக்காதீங்க. பெயிண்ட் அடிக்காதீங்க. நாங்க என்ன, பொண்ணு பாக்கவா வர்றோம்? அழுக்க அழுக்காவே காட்டுங்க."

எதிர்முனையில் சிரிப்பார்கள். இவர் சிரிப்பதில்லை.

பெரிய வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லத் தேவையே இல்லை. அவர்கள் விதிமுறைகளை வரிவிடாமல் படித்திருப்பார்கள். ஒரே கறையை ஆறு கோணத்தில் படமெடுத்துக் கோப்பாக நீட்டுவார்கள். இல்லாதவர்கள்தான் வீட்டுக்கு ஆள் வருகிறதென்று விழுந்து விழுந்து கழுவுகிறார்கள். தன் கஷ்டத்தைக் காட்டத் தெரிந்தவனுக்கு உதவி, வெட்கப்பட்டு மறைத்தவனுக்கு மறுப்புக் கடிதம். இப்படி ஒரு முறையை எழுதிவைத்துவிட்டு அதற்கு நியாயமான தேர்வு என்று பெயர் சூட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ!

காத்து அக்கா இந்தப் பாடத்தைக் கற்றது மூன்று வருடங்களுக்கு முன்பு, பேருந்து கழுவும் தொழிலாளி ஒருவரின் வீட்டில். மனைவி இல்லை. மூச்சிரைப்பு உள்ள ஒரு மகள், அப்போது நாலு வயது. இவர் போனபோது சுவர்கள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. ஹீட்டர் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததுமே மூக்கில் ஏறியது புதுப் பெயிண்ட் வாடை. அதற்கடியில் பூஞ்சையின் புளித்த வாடை. படிவம் கேட்டது ஒன்றுதான்: 'கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை உண்டா, இல்லையா?' 'இல்லை' என்பதில் குறியிட்டார். கீழே குறிப்பு எழுத ஒரு வரி இடமிருந்தது. அன்றைக்கு இன்னும் நாலு வீடுகள் பாக்கி. ஐம்பத்தெட்டு மதிப்பெண்.

"பாத்தத எழுதினேன். மோந்தத எழுதல" என்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

நாற்பது நாளில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு கருப்பு வெளியே வந்தது. மேல்மாடிக்காரர், "இது ராசியில்லாத வீடு, காலி பண்ணிடு" என்று ஆலோசனை சொன்னார். கேள்விப்பட்டு அங்கே போன காத்து அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ராசியும் இல்ல, கீசியும் இல்ல. ஜன்னல் சட்டத்துல மூணு மில்லிமீட்டர் சந்து. அத அடைக்க எந்தச் சாமியும் வராது, கொத்தனார்தான் வரணும்" என்று படிக்கட்டிலேயே நின்று கத்தினார். தன் அறிக்கை தவறு என்று தானே மேலதிகாரிக்கு எழுதினார். ஒருமுறை பார்த்த வீட்டை மூன்று வருடத்துக்குத் திரும்பப் பார்க்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மூன்று வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. திட்டத்தைப் போன மாதமே மூடிவிட்டார்கள்.

அதைச் சொல்லப் போனபோது அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நானும் உடன் போயிருந்தேன். ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு அடுப்படி. மூலையில் கட்டில், அதில் ஏழு வயதுச் சிறுமி சுருண்டு படுத்திருந்தாள். மூச்சு விசில் போலக் கேட்டது. நாங்கள் வருகிறோம் என்று சக்கரம் வைத்த ஹீட்டரைப் போட்டு, எங்கள் நாற்காலிகளைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்திருந்தார் தகப்பனார்.

"திட்டத்த மூடிட்டாங்க தம்பி" என்றார் காத்து அக்கா.

தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு அந்தச் சுவத்த அப்படியே விட்டிருக்கணும். நான்தான்க்கா கெடுத்துட்டேன்."

"இல்ல தம்பி. எனக்கு அன்னிக்கே தெரியும். வாடை அடிச்சுது. ஒரு வரி எழுதியிருந்தா போதும். எழுதாம போயிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். காத்து அக்காவும் அதற்குத்தான் காத்திருந்தார் போலிருந்தது. அந்த மனிதருக்கு ஏசவும் தெரியவில்லை.

"பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க. நாங்கதான மறைச்சோம்" என்றார். "குளிருல வந்திருக்கீங்க. உக்காருங்க, டீ போட்டுட்டு வரேன்."

அவர் அடுப்படிக்குள் போனதும் காத்து அக்கா எழுந்தார். உருட்டினால் சக்கரம் சத்தம் போடும். கைப்பிடியைப் பிடித்து ஹீட்டரை அலாக்காகத் தூக்கி, ஒயர் எட்டும் மட்டும் நடந்து, சிறுமியின் கட்டிலருகே இறக்கி வைத்தார். பிறகு தன் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.