மரியாதைக்காக விட்ட கேட்ச்

எங்கள் கிளப்பில் யாரைக் கௌரவிப்பதென்றாலும் சால்வைதான். ஓய்வு பெற்ற அம்பயருக்குச் சால்வை, கொடியேற்ற வந்த டாக்டருக்குச் சால்வை. சென்னை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். அதனால் போன வருடம், கிரிக்கெட்டே மூச்சாக இருக்கும் ஒரு குடும்பத்தைக் கௌரவிக்க வேண்டுமென்று பேச்சு வந்தபோது, ஒரு மேட்ச் ஆடுவோமே என்று நான்தான் சொன்னேன். மயிலாப்பூரைச் சேர்ந்த எங்கள் மூத்தோர் அணி ஒரு பக்கம். அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆடும் தி.நகர் கிளப் மறுபக்கம். அடையாறில் ஒரு கல்லூரி மைதானத்தில் இடம் கிடைத்தது.

குடும்பம் என்றால் நான்கு பேர். அப்பா சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கூடை இறக்குபவர். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்சுகளில் இன்றைக்கும் வேகமாகப் பந்து போடுவார். மூத்த பெண் பேட்டிங், இளையவள் பவுலிங். அம்மா ஆடமாட்டார், ஆனால் யார் எந்த மேட்சில் எத்தனை கேட்ச் விட்டார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. கூவம் கரையிலிருந்த அவர்கள் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, ஆறு மணிக்கெல்லாம் வலைப்பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். மைதானத்துக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் நான் ஆறரைக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு பக்கத்து வலைக்குப் போவேன். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதைவிட அதிகமாக மதித்திருக்கிறேன்.

மேட்ச் அன்று காலையில் எங்கள் கேப்டன் எல்லோரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு அவாளுக்கு மரியாதை பண்ண வந்திருக்கோம். அவுட் பண்றேன், கிவுட் பண்றேன்னு யாரும் கிளம்பிடாதீங்கோ. பெரியவ நன்னா அம்பது அடிச்சுண்டு போகட்டும்."

எங்கள் அணியில் ஒரு இடது கை வேகப்பந்து வீச்சாளர் இருக்கிறார். அறுபதைத் தொட்டும் பந்தை இரண்டு பக்கமும் வளைப்பார். அவரைப் பந்து போடவே வேண்டாமென்று எல்லைக்கோட்டருகே நிறுத்திவிட்டார் கேப்டன். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மூத்தவள் ஆட வந்தாள். மூன்றாவது ஓவரில் பந்து அவள் மட்டையின் விளிம்பில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற என் கைக்கே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். நான் விரலைத் தளர்த்தினேன். பந்து புல்லில் விழுந்ததும் தலையில் கைவைத்து நடித்தும் காட்டினேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குழந்தைக்கு உருட்டிவிடுகிற பந்துகள். ஒன்றை அடித்தாள், இரண்டைத் தடுத்தாள். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"வேணும்னு தானே சார் வுட்டீங்க?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"தெனம் பக்கத்து நெட்ல உங்கள பாத்துகினு தான் சார் கீறேன். இத நீங்க வுடமாட்டீங்க." குரல் ஏறவே இல்லை. "வெரல் ஒடஞ்சி எட்டு மாசம் மேட்ச்சே ஆடல. புதன்கிழமை ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன். அதுக்குள்ள எனக்கு இது ஒண்ணு தான் மேட்ச்சு. அந்த லெஃப்ட் ஆர்ம் சார் போடுவாருன்னு தான் ஓடியாந்தேன். அந்தப் பந்த ஆட தான் சார் எனக்கு வரல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் அம்பயரிடம் போய், "நான் அவுட்டு சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

விஷயத்தைச் சொன்னதும் கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல மனிதர், அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குத் தானே போய், திரும்ப வந்து ஆடச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் சொன்னது அம்மாதான்.

"அவுட்டுன்னா அவுட்டு தான் சார். மேட்ச் முடியட்டும்."

மேட்ச் சீக்கிரமே முடிந்தது. இளையவள் எங்களுக்கு எந்த மரியாதையும் காட்டவில்லை. இரண்டாவது பந்திலேயே என் ஸ்டம்ப் எகிறியது. இவ்வளவு சந்தோஷமாக நான் அவுட்டானதே கிடையாது.

விழாவுக்கு மேடை தயாராக இருந்தது. ஆனால் எங்கள் இடது கைக்காரர் யாரையும் கேட்கவில்லை. புதுப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்று மூத்தவளைக் கூப்பிட்டார். கேப்டனைத் தவிர நாங்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் போய் நின்றோம். முதல் பந்திலேயே ஸ்டம்ப் விழுந்தது. அவளே அதை நட்டுவிட்டு, "அதே பந்து சார்" என்றாள். நான்கு தடவை அவுட்டானாள். நான்கு தடவையும் அதேதான் கேட்டாள். அப்புறம் மெல்ல மெல்ல அவள் கால் பந்துக்கு நேராகப் போகத் தொடங்கியது. ஒன்றைத் தொடாமல் விட்டாள். அடுத்ததை நேராக அடித்தாள்.

அவள் அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் ஃபீல்டிங்குக்கு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே கேப்டன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சீஃப் கெஸ்ட் காத்துண்டிருக்கார். பொண்ணைக் கூப்பிடுங்கோ, மரியாதை பண்ணிடலாம்."

அப்பா பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதான் நடந்துகினு கீதே சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பந்து வருது."

கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கவர் பொசிஷனில் போய் நின்றார்.